மச்சானின் தள்ளுபடிக் கணக்கு

சென்னையில் சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அரையாண்டு பிறந்து முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை; அதிகபட்சம் 5,000 ரூபாய். என் வீட்டுக்கு அரையாண்டு வரி 3,000. ஆக, எனக்குக் கிடைப்பது 150. அந்த 150-க்காக ஏப்ரல் பிறந்ததுமே, மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் எல்லாம் எழுதிவைத்த டைரியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. முப்பது ரூபாய்தான். ஆனால் பாக்கிதாரர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

என் மச்சானுக்கு வேண்டும். ஹைதராபாத்தில் சொந்த வீடு. அங்கே பாக்கிக்கு மாதம் 2 சதவீதம் வட்டி. ஐந்து வருஷப் பாக்கி வைத்துக்கொண்டு ஆள் நிம்மதியாகத் தூங்குகிறான்.

“ஓ.டி.எஸ். வரும் அத்தான்” என்பான். பாக்கியை ஒரே தவணையில் தீர்க்கும் திட்டம். வரத்தான் செய்கிறது. 2020, 2022, 2024, 2025 என்று வந்தது. அசல் முழுவதையும், வட்டியில் 10 சதவீதத்தையும் ஒரே தவணையில் கட்டினால் மீதி 90 சதவீத வட்டி தள்ளுபடி.

போன தீபாவளிக்கு வந்தவன் ஸ்வீட் பாக்ஸ் மூடியிலேயே கணக்குப் போட்டான். “பத்தாயிரம் வரி. ஒரு வருஷம் கட்டலைன்னா வட்டி 2,400. தள்ளுபடி போக 240. அதே பத்தாயிரத்தை எஃப்.டி.யில போட்டா 600 வரும். லாபம் 360!”

நான் பேனாவை வாங்கினேன். “உங்க ஊர்லயும் ஏப்ரலுக்குள்ள அந்த வருஷ வரியைக் கட்டினா 5 சதவீதம் கழிவு உண்டே. அது 500 இல்லையா?”

மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு அடுப்படியிலிருந்து வந்தது. “நீங்க ஓடி ஓடிக் கட்டி 150 வாங்குறீங்க. அவன் உட்கார்ந்த இடத்துலயே 2,160 மிச்சம் பிடிச்சிருக்கான்!”

இதற்கு மேல் கணக்கு எதற்கு? கழிவு வாங்குபவன் கஞ்சன், தள்ளுபடி வாங்குபவன் சாமர்த்தியசாலி. 2,400 ரூபாய் வட்டியை ஏற்றிக்கொண்டதே அவன்தான் என்பதை யாரும் கேட்பதில்லை.

பண்டிகைக்கு வந்தவன் மூடிக் கணக்கோடு நிறுத்தவில்லை.

“அத்தான், அடுத்த திட்டம் வந்தா மொத்தமாக் கட்டணும். ஐம்பதாயிரம் சொச்சம் ஆகும். கைமாத்தா கொஞ்சம்...”

“எஃப்.டி. என்னடா ஆச்சு?”

“அதை உடைச்சுத்தான் காரை மாத்தினேன். சும்மா வேண்டாம், வட்டி போட்டே தந்துடறேன்.”

“தம்பிகிட்ட வட்டி வாங்குவாங்களா யாராவது?” என்றாள் என் மனைவி.

ஹைதராபாத் மாநகராட்சியே 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் வீட்டில் அசல் கைமாறுவதற்கு முன்பே வட்டி முழுத் தள்ளுபடி.