ஹெரால்டு சார்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. ஹெரால்டு சார் என்றால் பால்காரர் வரைக்கும் தெரியும். 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோனது. சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, காருக்கு ஐம்பது. இருவரில் காலையில் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான்.

"நேத்து சாயங்காலம்கூட பெசன்ட் நகர் போயிட்டு வந்தேனே தம்பி! திடீர்னு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." இந்த வசனத்தில் மாறுவது இடத்தின் பெயர் மட்டும்தான். முகத்தில் கவலை தெரியும். ஆனால் சொல்லும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார்.

போன மாதம் மைத்துனர் மகள் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டு மணிக்குப் பட்டு வேட்டியோடு பானட்டைத் திறந்தார். ஹெரால்டின் பானட் மற்ற கார்களைப் போல வாயைப் பிளக்காது. முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூக்கோடு முன்பக்கம் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுற்றி எட்டுப் பேர் தாராளமாக நிற்கலாம். நின்றோம்.

"பெட்ரோல் இருக்கா சார்?" என்றார் வாட்ச்மேன். ஹெரால்டு சார் திரும்பியே பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் சோக்கை இழுக்கச் சொன்னார். தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டது நான்தான். என் வாய் சும்மா இருக்காது. செகண்ட் கியரில் போட்டுத் தெருவை மூன்று முறை அளந்தோம்.

அதற்கப்புறம்தான் பாடம். பாடத்தில் குறை சொல்ல முடியாது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். லைட் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். லைட்டும் மங்கவில்லை, செல்ஃபும் சுற்றவில்லையா, சோலனாய்டைப் பார். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இரண்டே கேள்வி: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் இரும்பில் தொடவைத்து, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. கரண்டே வராத வண்டியை எத்தனை சுற்று தள்ளினாலும் அது கார் இல்லை, தேர். தள்ளுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாமே என்றேன். "ஆசைப்பட்டீங்களே தம்பி" என்றார்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட் இரண்டும் கருகி, பீடி குடிப்பவர் பல் மாதிரி இருந்தன. உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தார். அடுத்து இடைவெளி வைக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜைக் காணோம். ஜிப்பாப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தார், ஓரத்தைக் கிழித்தார், பாயிண்டுக்கு நடுவில் செருகி மெல்ல உருவிப் பார்த்தார். "கச்சிதம்! நல்ல கெட்டி அட்டை. மச்சினன் செலவு பண்ணியிருக்கான்."

இதற்குள் மாமி மாடியிலிருந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். முந்தின நாள் ராத்திரியே சொல்லிவைத்த ஆட்டோ.

பத்தே முக்காலுக்கு இன்ஜின் பிடித்தது. "யாரும் பேசாதீங்க" என்று கை காட்டி, அந்தச் சத்தத்தை அரை நிமிஷம் எங்களைக் கேட்கவைத்தார். பட்டு வேட்டியெல்லாம் கிரீஸ். மொய்க் கவர் பையிலேயே இருந்தது. தெருவில் அன்று அவ்வளவு சந்தோஷமாக வேறு யாரும் இல்லை. மண்டபத்தில் மாப்பிள்ளையைச் சொல்லலாம், அதுவும் நான் பார்க்கவில்லை.

என்னிடம் இருப்பது புதுக் கார். நின்றுபோனால் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். போன் போட்டுவிட்டு மரத்தடியில் நிற்பேன். என் பானட்டைச் சுற்றி இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

வரும் ஞாயிறு மாமல்லபுரம் போகிறாராம். தெம்புள்ளவர்கள் காலை ஆறரைக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிடுங்கள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருக்கிறது.