தாம்பரம் நாடகவியல்: வேடிக்கைப் படலம்

கூத்து இருவகைப்படும். அரசன் பார்க்க ஆடுவது வேத்தியல்; ஊர் பார்க்க ஆடுவது பொதுவியல். இது பழைய நூலார் கொள்கை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் மூன்றாவது ஒன்று பிறந்தது. அதைத் தண்டவாளவியல் என்க. ஆடுவோர், ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கட்டும் இருவர். பார்ப்போர், பெட்டியில் மிச்சமுள்ள அனைவரும்.

நாடகம் டயோனிசஸ் திருவிழாவில் பிறந்தது என்பர் கிரேக்க வழியார். நான்கு வேதத்திலிருந்தும் எடுத்துப் பிரமன் சமைத்தான் என்கிறது நாட்டிய சாஸ்திரம். தாம்பரத்தார் இரண்டையும் மறுப்பர்: கூட்டம்தான் முதலில், கூத்து அப்புறம். ஆளில்லாத பெட்டியில் எவன் அவ்வளவு உரக்கக் கத்துகிறான்? சிலம்பின் அரங்கேற்று காதை மேடைக்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் கேட்கிறது. இங்கே ஒரு முழம் இடம் தாராளம்.

வேடிக்கை பார்ப்போர் மூவகையர். "என்னாச்சு சார்?" என்பவர் கடைத்தரம். அவருக்கு விளக்கம் சொல்பவர் நடுத்தரம். இவரும் போன ஸ்டேஷனில்தான் ஏறியிருப்பார், ஆனாலும் ஆதியோடந்தமாகச் சொல்வார். "விடுங்க சார், அவர் பெரியவரு" என்று தீர்ப்பளிப்பவர் முதல்தரம்.

இம்முதல்தரத்தார்க்கு மூலபுருஷர், பம்மலைப் பூர்வீகமாகக் கொண்ட சம்பந்த முதலியார் (1873-1964). பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்த சூட்டில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தொழிலில் வக்கீல்; பின்னாளில் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி. பகலில் சாட்சிக் கூண்டில் நடிப்பவரைப் பார்த்துவிட்டு, மாலையில் தானே வேடம் கட்டினார். படித்தவர் அரிதாரம் பூசினால் குடும்ப மானம் போய்விடாது என்று பட்டணத்தாருக்குக் காட்டியது அந்தச் சபை. (இப்போது அவர் பேரைச் சொன்னால் 2002இல் வந்த கமல் படமா என்கிறார்கள்.)

இனிப் பயன். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துச்சாதனன் சேலையை இழுப்பான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். கதை கேட்கவா? அடுத்தவன் குடும்பச் சண்டையில், நாலு பேரோடு சேர்ந்து, கைக்காசு நஷ்டமில்லாமல் நியாயம் பேச. சொந்த வீட்டில் அதைப் பேசிப் பார்த்தவருக்கு இதன் அருமை விளங்கும்.

புறனடை: பல்லாவரத்தில் இறங்கிப் பம்மலுக்குப் போக வேண்டியவர், சண்டை முடியாத காரணத்தால் குரோம்பேட்டை வரை வந்துவிடுவதுண்டு. அவரை எவ்வகையில் சேர்ப்பது என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. டிக்கெட் பரிசோதகருக்கு இல்லை.