மூலிகைத் தண்ணியும் போர்த் தண்ணியும்

சாரல் காலத்தில் குற்றாலம் போய், வெள்ளத்தால் பேரருவியில் குளிக்கத் தடை என்று தெரிந்தால் என்ன செய்வது? ரம்புட்டான் உரிக்கலாம். நாங்கள் விஞ்ஞானம் பேசினோம். பள்ளிக் கண்காட்சிக்கு அண்ணன் மகளுக்கு ஒரு சோதனை வேண்டும். ஊரே நம்புகிற விஷயமாக இருக்க வேண்டுமாம்.

"அருவித் தண்ணியில மூலிகை இருக்கு, குளிச்சா சித்தம் தெளியும். இதுல சோதிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார் மாமா.

இருக்கிறதே! ஒரு கூட்டம் அருவியில் நிற்க வேண்டும். இன்னொரு கூட்டம் அதே குளிர்ச்சி, அதே வேகத்தில் கொட்டும் குழாய்த் தண்ணீரில். எது எதுவென்று நிற்பவர்களுக்கே தெரியக் கூடாது. தெளிய வைப்பது மூலிகையா, மண்டையில் விழும் அடியா என்று அப்போதுதான் புரியும். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொண்டு விடுவதால்தான் அந்த அடியை நாம் தாங்குகிறோம். குழாய்க் கூட்டத்துக்கு ஆள் கேட்டதும் மதினி எழுந்தே போய்விட்டாள்.

அருவியைச் சோதிக்கப் போனவர் ஒருவர் உண்டு: ஜேம்ஸ் ஜூல். 1847இல் கல்யாணமான கையோடு ஆல்ப்ஸ் பக்கம் தெர்மாமீட்டரும் கையுமாகத் திரிந்ததாக நண்பர் கெல்வின் பிற்பாடு எழுதினார். விழுகிற தண்ணீர் சூடாகும் என்பது ஜூலின் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் நூறு மீட்டர் விழுந்தாலும் கால் டிகிரிகூட ஏறாது. அங்கே அருவி வேறு திவலையாகச் சிதறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டது.

"தேனிலவுக்குத் தெர்மாமீட்டரா? பொண்ணு வீட்டுல யாரும் கேக்கலியா?" என்றாள் அத்தை.

அடுத்து, திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்ற பேச்சு. ஒரே மாஸ்டர், ஒரே சம்பா கோதுமை, ஒரே நெய்; ஒரு சட்டிக்கு ஆற்றுத் தண்ணீர், மற்றதற்கு போர்த் தண்ணீர். மூன்று கிண்ணம் வைத்து, இரண்டில் ஒரே அல்வா. ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். உணவு ஆய்வுக்கூடங்களில் இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒருவருக்குச் சரியாக வந்துவிடும் என்பதால், நிறையப் பேர் நிறையத் தடவை தின்றாக வேண்டும். விஞ்ஞானத்துக்காக உடலை அர்ப்பணிக்க மாமா முன்வந்தார். சர்க்கரை அளவைச் சொல்லி அத்தை அவரை நீக்கினாள்.

மிஞ்சியது தென்காசிக் கோபுர வாசல். நுழையும்போது எதிரே தள்ளுகிற காற்று, கொஞ்சம் உள்ளே போனதும் முதுகைப் பிடித்துத் தள்ளும் என்பார்கள். குச்சியில் நூலைக் கட்டி, அடிக்கு அடி நின்று குறித்தால் போதும், செலவில்லை. ஆனால் ஆனியில் மட்டும் பார்த்துவிட்டுப் பாண்டியர் கட்டடக்கலை என்று மார்தட்டக் கூடாது. அது ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று பாயும் காலம். தையிலும் போய் அளக்க வேண்டும். தவிர, கோயில் பராக்கிரம பாண்டியனுடையது என்றாலும், இப்போதிருக்கும் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல்தான்.

"நூலு எதுக்கு? என் வேட்டியே காட்டிக் குடுத்துரும்" என்றார் மாமா.

"அப்படின்னா நான் வடக்கு வாசல் வழியாப் போறேன்" என்றாள் அத்தை.