எட்டாம் விதி

நோர்வேக்காரர் காலில் ஸ்கீக் கட்டையோடுதான் பிறக்கிறார்கள் என்று அவர்களே பெருமையடித்துக்கொள்வார்கள். புத்தூரில் பிறக்கிறவன் கையில் மண்வெட்டியோடு பிறக்கிறான் என்று நாங்களும் சொல்லலாம். செம்பாட்டு மண்ணும் வெங்காயப் பாத்தியும் சாட்சிக்கு வரும். ஆனால் நான் அந்தக் கணக்கிலும் சேர்த்தியில்லை. கச்சேரியில் கோப்புக் கட்டி, கதிரையைத் தேய்த்து, இளைப்பாறியவன். எங்கள் வீட்டில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை மனுசியுடையது.

இரண்டாவது பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று மகள் ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டபோதும் என் தராதரம் தெளிவாகத்தான் இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க மனுசி தேவை. மனுசியின் பெட்டி தூக்க நான் தேவை. பெட்டிக்குள் சரக்குத்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல். பிள்ளை பிறந்து, துடக்குக் கழிந்து, எல்லாம் சுகமாக முடிந்த பிறகுதான் மருமகன் மெல்ல வாயைத் திறந்தார்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை கழகத்தோட காட்டுக்குப் போறம். நீங்களும் வாங்கோவன்."

கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் பழைய தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் சனசமூக நிலையத்துக்குத் தலைமை தாங்கியவன் நான். எங்கள் கழகங்களில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று மேடை நிரம்பிவிடும். எதிரே கதிரைதான் மிஞ்சும். மாலை, பொன்னாடை, நன்றியுரைக்குப் பதிலுரை எல்லாம் உண்டு. ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கில், தமிழர் நெருங்கி வாழும் அந்தப் பக்கத்தில், கழகம் என்பது வேறு சாமான். கூட்டம் கிடையாது. குளிர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள், பையைத் தோளில் போடுகிறார்கள், போகிறார்கள். தலைவர் யாரென்று கேட்டேன். முன்னால் நின்று பிள்ளைகளின் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த மனுசனைக் காட்டினார்கள்.

மருமகனுக்கு இதெல்லாம் பிறவிக் குணம். அவருடைய தகப்பனார் எண்பதுகளில் நோர்வேயின் நாட்டார் உயர்பள்ளியில் படிக்கவென்று போய், பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். அந்தக் காலத்துப் பொடியள் பலருக்கும் அதுதான் வழி. அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக 1956 இல் குருநகரிலிருந்து அன்ரனி ராஜேந்திரம் நோர்வே போய்ச் சேர்ந்தார். பிற்பாடு சீநோர் என்று நாங்கள் அறிந்த மீன்பிடித் திட்டத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். படகும் வலையும் கொண்டுவந்த மனிதர் ஸ்கீயைக் கொண்டுவராமல் விட்டதற்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவன்.

சுரங்க ரயிலில் போனோம். பெட்டி முழுக்கக் கட்டைகள் செங்குத்தாக நின்றன. எனக்கு எதிரே, என்னிலும் பத்து வயது மூத்தவராக இருக்கவேண்டும், ஒரு கிழவி. இரண்டு கட்டையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கம்பளி பின்னிக்கொண்டு வந்தார். கடைசித் தரிப்பிடமான சொங்ஸ்வானில் இறங்கி, நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டையை மாட்டிக்கொண்டு மறைந்துபோனார். நான் அப்போதுதான் ரயிலின் படியில் கைபிடி தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நகரத்தின் கொல்லைக்குள்ளேயே தொடங்குகிறது. 1883 இல் தொடங்கிய ஸ்கீச் சங்கம் ஒன்று இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேலான தடங்களை அங்கே பராமரிக்கிறது. அந்த நீளத்துக்குப் புத்தூரிலிருந்து கொழும்புக்கு ஐந்து தரம் போகலாம். இரவிலே இயந்திரம் ஓடிப் பனியில் இரண்டு சமாந்தரமான வாய்க்கால் வெட்டிவிடும். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு வாய்க்காலுக்குள் போகவேண்டும். சில பாதைகளுக்கு விளக்கும் உண்டு. வேலை முடிந்து இருட்டில் வந்து சறுக்குவார்கள். வாய்க்கால், வரம்பு என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது உண்மை.

துணிவு மெழுகோடு போனது. பழைய வகைக் கட்டைக்கு நடுவில் மெழுகு பூசவேண்டும். ஊன்றி மிதிக்கிறபோது அது பனியைப் பிடிக்கும். எடை குறைந்தால் விட்டுவிடும், கட்டை வழுக்கும். சூட்சுமம் முழுக்க நிறத்தில். குளிருக்கு நீலம், கடுங்குளிருக்குப் பச்சை, பூச்சியத்தை அண்டி நின்றால் சிவப்பு. பனி உருகி மறுபடி இறுகியிருந்தால் குழாயிலிருந்து பிதுக்குகிற 'கிளிஸ்டர்' என்ற ஒரு பசை. கையில் பட்டால் பலாப்பால் மாதிரி, எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மருமகன் வெப்பமானியைப் பார்த்தார், பனியைக் கிள்ளிப் பார்த்தார், வானத்தையும் பார்த்தார்.

"உதுக்கும் நாள் நட்சத்திரம் இருக்கோ?" என்றாள் மனுசி.

என்னை நாலு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் விட்டார்கள். என் மூத்த பேரனும் அதில்தான். படிப்பித்தவள் இருபது வயதுப் பெட்டை. சப்பாத்தின் நுனி மட்டும்தான் கட்டையில் பூட்டப்படும். குதி அந்தரத்தில் நிற்கும். புத்தூரில் நான் அறிந்த ஆகப்பெரிய மேடு சந்திப் பக்கத்து வேகத்தடை. நிலாவரைக் கிணற்றுக்கு அடி கிடையாது என்று கேட்டு வளர்ந்ததால் ஆழத்துக்குப் பயப்படத் தெரியும். சரிவு என்று ஒன்று இருப்பதும், நாம் சும்மா நின்றாலும் அது நம்மைக் கொண்டுபோகும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மப்பா, முழங்காலை மடியுங்கோ!" என்று கத்தினான் பேரன்.

முழங்கால் மடிவதை நிறுத்திச் சில காலமாகிறது என்பதை அவனுக்கு விளக்க அவகாசம் கிடைக்கவில்லை. நிற்பாட்டுவதற்குக் கட்டைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டுமாம். ஏர் என்றே அதற்குப் பெயர். உழவன் பரம்பரையில் வந்தவன் ஏர் பூட்டத் தெரியாமல் ஒரு தேவதாருவின் அடியில் போய் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்கு. விழுந்தால் எழும்ப ஒரு முறை இருக்கிறது: மல்லாந்து படுத்து, இரண்டு கட்டையையும் ஆகாயத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் உருண்டு, முழங்காலில் நின்று, பிறகு எழும்பவேண்டும். நாலு வயதுக்காரர் என்னைச் சுற்றி நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் செய்து காட்டினார்கள். விழாதவர்களும் எனக்காக விழுந்து காட்டினார்கள். சனசமூக நிலையத்தில் இவ்வளவு ஒத்துழைப்பு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

இடைவேளையில் தோடம்பழமும் 'குவிக் லுன்ஷ்' என்ற சொக்லேற்றும் கொடுத்தார்கள். 1937 முதல் விற்கிற சாமான். அதைத் தின்னாமல் மலை ஏறினால் ஏறியதாகவே கணக்கில்லையாம். அந்தத் தாளின் உட்பக்கத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மலைக்குப் போகிறவர்களுக்கான ஒன்பது விதிகள். 1967 இல் ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலையில் இறந்துபோக, செஞ்சிலுவையும் மலையேற்றச் சங்கமும் அவற்றை நாடு முழுக்கப் பரப்பினவாம். திட்டமிடு, வானிலையைக் கேள், வரைபடம் கொண்டுபோ என்று எல்லாம் நியாயமாகத்தான் போனது. எட்டாவதில் நான் நிமிர்ந்தேன்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.

"இன்னொருக்கா வாசி, பிள்ளை."

வாசித்தாள். நாடே கூடி விதியாக எழுதி, சொக்லேற் சுற்றிக் கொடுக்கிறது, நான் மீறலாமா? ஒன்பதாவது, சக்தியைச் சேமி என்பது. கச்சேரியில் கையெழுத்துப் போட்ட முதல் நாளிலிருந்து அதைக் கடைப்பிடித்து வருகிறேன்.

ஸ்கீ சரிவராதவருக்குப் பனிப்பாதணி என்றார்கள். அகன்ற சட்டத்தைச் சப்பாத்தோடு வரிந்து கட்டினால் எடை பரவும், காலும் புதையாது. அடியிலே பல்லும் உண்டு. சும்மா நடக்கிற வேலைதான். மனுசி இரண்டு கம்பளிக் காற்சட்டைக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகினாள், வாதரவத்தையில் நாற்று நடப்போகிறபோது செருகுகிற அதே செருகல். காலை அகட்டி வைத்து, குதியை இழுத்து, போனாள். போய்க்கொண்டே இருந்தாள். நான் சமதரை கண்டு, வெட்டிவைத்த ஸ்கீத் தடத்துக்குள் இறங்கி நடந்தேன். அங்கே அது வரம்பை மிதிக்கிற குற்றமாம். ஒரு பெரியவர் நின்று, மிகவும் பணிவாக, மிகவும் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"உங்களுக்கு நல்ல நாளாம், அப்பா" என்றாள் மகள். அவ்வளவு நீளத்துக்கு நல்வாழ்த்து இருக்காது என்று கச்சேரி அனுபவத்தில் எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் எட்டாம் விதியை ஒழுங்காக அனுசரித்தேன். ஒருநாள் உயரம் பார்த்துத் திரும்பினேன். இன்னொரு நாள் காற்றைப் பார்த்து. ஒருமுறை ரயிலிலிருந்து இறங்காமலே திரும்பினேன். நேரத்தோடு என்றால் அதுதானே நேரம். மனுசி உலவோல்செத்தர் என்ற காட்டு விடுதிவரை நடந்து, அப்பம் தின்றுவிட்டு வந்தாள். ஜாமும் மண்ணிறப் பாற்கட்டியும் வைத்த தட்டையான அப்பம்.

"ஏலக்காய் போட்டிருக்கினம் அப்பா!" என்றாள், உறவுக்காரரைக் கண்ட முகத்தோடு.

ஊருக்கு வந்த பிறகு கதை வேறு வடிவத்தில் பரவிவிட்டது. அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனால், "அக்கா பனிமலை ஏறினவவாம், நீங்களும் கூடப் போனனீங்களோ?" என்று கேட்கிறார்கள். போனேன் என்கிறேன். எங்கே என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போன கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். அடுத்த குளிருக்கும் இரண்டு பேரும் வரவேண்டுமாம். அம்மாவைக் கழகம் நீண்ட நடைக் குழுவில் சேர்த்துவிட்டது. எனக்கும் ஒரு பதவி இருக்கிறதாம். அங்கே கழக வேலை எல்லாம் சிரமதானம். உறுப்பினர் முறை வைத்து, பந்தயத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அப்பம் சுட்டு விற்பார்கள். அந்த மேசைக்கு ஆள் தேவை. உட்காரலாமா என்று கேட்டேன். உட்காரலாமாம். ஒப்புக்கொண்டேன்.

பயிற்சிக்காக நேற்று அடுப்படிக்குள் புகுந்து மாக் கரைத்தேன். முதலாவது சட்டியோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாவது கருகியது. கரண்டியை வைத்துவிட்டு மெல்ல வாசற்படிப் பக்கம் திரும்பினேன்.

"என்ன, எட்டாம் விதியோ?" என்றாள் மனுசி, குறுக்கே நின்றுகொண்டு.