மொட்டை டயரின் கட்சி

இத்தாலியின் சியெனா நகரைச் சுற்றி ஒவ்வொரு மார்ச்சிலும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 2007இல் தொடங்கியது. 2025இல் மொத்தத் தூரம் 213 கி.மீ.; அதில் ஏறக்குறைய 80 கி.மீ. வெள்ளைச் சரளை மண், மிச்சம் தார்ச்சாலை. இதற்கு டயர் தேர்ந்தெடுப்பது இரண்டு மாமியாருக்கு ஒரே மருமகளைத் தேடுகிற வேலை. இதுபோன்ற பந்தயத்துக்குப் புதிதாகக் கிளம்புகிறவர் மண் என்றதும் பட்டன் பட்டனாக ரப்பர் துருத்திய டயரை மாட்டுகிறார்; தாரும் உண்டு என்று நினைவு வந்ததும் அதிலேயே கல்லாக இறுகும்வரை காற்றடிக்கிறார். இரண்டும் தப்பு என்பது என் கட்சி. அகலமான மொட்டை டயர், அதில் கொஞ்சம் குறைவாகக் காற்று, இவ்வளவு போதும்.

முதலில் காற்று. வெகுகாலம் பந்தயக்காரர்கள் 23 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்துக்கொண்டு, கை மரத்துப்போவதை வேகத்தின் அடையாளமாக எண்ணிவந்தார்கள். உடம்பு குலுங்கினால் வேகமாகப் போகிறோம் என்று மூளை நம்பிவிடும். கடிகாரத்திடம் அந்தப் பருப்பு வேகாது. ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் தடித்த டயரும் தரையில் பதிகிற பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒல்லியானது நீளவாக்கில் நசுங்குகிறது, தடித்தது குறுக்குவாக்கில். நீளவாக்கில் நசுங்கும்போது ரப்பர் அதிகமாக வளைந்து நிமிர்ந்து, மிதித்த பலத்தைச் சூடாக்கி வீணடிக்கிறது. சரளையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்குகிறது. அந்தச் செலவெல்லாம் தொடைச் சதையை ஆட்டுவதில் போகிறது. காற்று குறைந்த டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும். சியெனாவில் இப்போது 30, 32 மி.மீ. டயர்கள் சாதாரணமாகிவிட்டதற்கு இதுவே காரணம்.

காற்றைக் குறைத்தால் பஞ்சராகாதா? ஆகும், உள்ளே டியூப் இருந்தால். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப் இல்லாத டயரில் கடிபட டியூபே இல்லை. சின்ன ஓட்டை என்றால் உள்ளிருக்கும் பால் போன்ற திரவம் உஸ்ஸென்று பீச்சியடித்து, பின்னால் வருபவரின் கண்ணாடியில் புள்ளி குத்திவிட்டு, அப்படியே உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரிய கிழிசலுக்கு அதுவும் உதவாது. அதற்குத்தான் டீம் கார்.

இனி பட்டன். ஈரத் தாரில் மொட்டை டயர் வழுக்கும் என்பது காரைப் பார்த்து வந்த பயம். தண்ணீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் ஒரு கணக்கு கண்டார்கள். 60 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு சுமார் 129 கி.மீ. அந்த வேகத்தில் சைக்கிளில் போகிறவருக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கும். தாரில் பிடிப்பைத் தருவது ரப்பரின் குணமும் காற்றின் அளவும்தான். பட்டன்கள் வளைவில் நெளிந்து பிடிப்பைக் குறைக்கவே செய்யும். கெட்டியான தரைமேல் பொடிக்கல் தூவிய பாதையிலோ, பட்டன் குத்தி இறங்க இடமே இல்லை. மண்தான் ஆளைத் தள்ளும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஸ்த்ராதே பியாங்கேயில் பந்தய வீரர் தடேய் பொகாச்சார் முன்னணியில் போகும்போது இறக்கத்தில் சறுக்கிச் சாலையோரப் புதரில் போய் விழுந்தார். விழுந்தது தார்ச்சாலை வளைவில். கிழிந்த சட்டையோடு எழுந்துபோய் ஜெயித்தும்விட்டார்.

எதிர்க்கட்சியிடம் நியாயம் இல்லாமல் இல்லை. டயர் ரிம்மைவிட உப்பினால் எதிர்க்காற்று பிடித்து இழுக்கும், 40 கி.மீ. வேகத்தில் அது சில்லறை நஷ்டம் அல்ல. அதனால்தான் 50 மி.மீ. வரை போகாமல் 32இல் நிற்கச் சொல்கிறேன், ரிம்மும் அதற்கேற்ற அகலத்தில் இருக்கட்டும். 2018இல் போல மழை கொட்டிச் சாலை சேறானால் பட்டனுக்கு வேலை வரும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சியெனாப் பக்கத்துக் களிமண் பிசுபிசுவென்று பட்டன்களின் இடுக்கை அடைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பட்டன் டயரும் கனத்த மொட்டை டயர்தான். இத்தனைக்குப் பிறகும் பட்டன் இல்லாமல் தூக்கம் வராது என்பவர் முன்சக்கரத்துக்கு மட்டும் ஒன்று மாட்டிக்கொள்ளட்டும். பின்சக்கரம் சறுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் நேரே தரைதான். ஆனால் அதற்கும் நான் முதலில் சொல்லும் வைத்தியம், முன்சக்கரத்தில் இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கிப் பார்ப்பது. அதற்குப் பத்துப் பைசா செலவில்லை என்பதாலோ என்னவோ, யாரும் நம்புவதில்லை.