கடைவாய்ப் பல்லின் விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய இங்கிலாந்து தேசத்துத் தந்த பரிபாலன அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

மயிலாடுதுறையிலிருந்து தங்கள் நாட்டுக்கு வந்து குடியேறிப் பதினோரு நாட்களே ஆன அடியேன், கீழ்வரிசை இடப்புறக் கடைவாய்ப் பல்லின் சார்பில் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

விசா கொடுப்பதற்கு முன் தங்கள் அரசாங்கத்தார் என் தேகத்தின்மீது காட்டிய சிரத்தையை மறப்பதற்கில்லை. பத்து விரல்களின் ரேகையையும் பதிந்துகொண்டார்கள். காசநோய் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொள்ள நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். வைத்திய வரியாக ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்கு 3,105 பவுண்டை, நான் விமானம் ஏறுமுன்பே வாங்கிக்கொண்டார்கள். இத்தனையும் செய்தவர்கள், நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் வாயையும் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்திருந்தால், பாதி வேர் சிகிச்சையோடும் தற்காலிகச் சிமெண்டோடும் ஒரு பல் தங்கள் தேசத்துக்குள் பிரவேசிக்கவிருப்பது அப்போதே தெரிந்திருக்கும். ஊர் டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் விமானம்.

உயரே போகப்போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், பல்லுக்குள் அடைபட்ட காற்று விரியும் என்பது பௌதிக சாஸ்திரம். அரபிக்கடலுக்கு மேலே அது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. இறங்கிய ஒன்பதாம் நாள், வறுத்த ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது சிமெண்டு பெயர்ந்து நாக்கின்மேல் விழுந்தது.

ஏழு பல் வைத்தியசாலைகளுக்குப் போன் செய்தேன். குரல்கள் வேறு, கேள்வி ஒன்று: “எங்களிடம் பதிவு செய்திருக்கிறீர்களா?” இல்லையென்றால் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை, தனியார் கட்டணம் கொடுப்பதானால் இன்று மத்தியானமே வரலாம். வலியிலும் விதிகளைப் புரட்டிப் பார்க்கும் துர்ப்பழக்கம் உள்ளவனாகையால், 2006-இல் வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசாங்கக் கட்டணத்தில் பல் பார்த்துக்கொள்ளப் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது என்று அறிந்துகொண்டேன். ஆக, இல்லாத ஏட்டில் பெயர் இல்லாத குற்றத்துக்காக நான் வாசலில் நிற்கிறேன். மாயாவாதம் எங்கள் பக்கத்துச் சரக்கு என்று இதுவரை கர்வப்பட்டிருந்தேன். இனிமேல் அந்தக் கர்வம் இல்லை.

அவசர உதவி எண்ணில் பேசிய அம்மாள் மிகவும் தயாள குணமுள்ளவர். வீக்கம் கண்வரை ஏறிவிட்டதா, மூச்சுத் திணறுகிறதா, ரத்தம் நிற்காமல் ஒழுகுகிறதா என்று அவர் கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லி, பரீட்சையில் தோற்கிற பையனைப் போலக் கூசிப்போனேன். முகம் வீங்கியதும் மறுபடி கூப்பிடச் சொன்னார்.

வந்தேறி என்பதால் எனக்கு இழைத்த ஓரவஞ்சனை இது என்று சொல்லமாட்டேன். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்துப் பல் வைத்தியசாலை ஒன்றின் வாசலில், அந்த ஊர்க்காரர்களே தெரு நெடுக வரிசையில் நிற்க, போலீஸார் வரவேண்டியதாயிற்றாம். அந்த மட்டில் தங்கள் சமரசம் போற்றத்தக்கது. இதே தேசத்தில்தான், 1948 ஜூலை 5-ஆம் தேதி வைத்தியத்தை எல்லோருக்கும் இலவசமாக்கிய அனூரின் பெவன், மூன்று வருஷத்துக்குள் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கப் போகிறார்கள் என்றதும் மந்திரிப் பதவியை உதறிவிட்டுப் போனார். பல்லுக்காகப் பதவியை விட்டவர் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. பதவிக்காகப் பல்லைக் காட்டியவர்கள் ஏராளம்.

முடிவில், மருந்துக்கடையில் கிராம்புத் தைலமும், ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கும் பசை ஒரு குட்டி டப்பியும் வாங்கிவந்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நான் வாயைப் பிளக்க, என் சம்சாரம் ஒரு கையில் கைபேசி விளக்கும் மறு கையில் தீக்குச்சியுமாக நின்று, “ஆடாதீங்கோ” என்று அதட்டிக்கொண்டே அடைத்துவிட்டாள். வீடு முழுவதும் பாட்டியின் அஞ்சறைப்பெட்டி வாசனை.

இதில் ஒரு சந்தேகத்தைத் தாங்கள் கிருபை கூர்ந்து நிவர்த்தி செய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த கட்டண விகிதப்படி அவசர சிகிச்சைக்கு 27 பவுண்டு 40 பென்ஸ், பல் அடைப்புக்கு 75 பவுண்டு 30 பென்ஸ். எங்கள் வீட்டுக் குளியலறையில் நடந்தது இவற்றில் எது என்று தீர்ப்புச் சொன்னால், தொகையை வைத்தியரிடமே செலுத்திவிடச் சித்தமாயிருக்கிறேன். அவளும் இனிமேல் நோயாளிகளைச் சேர்ப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
பதிவு பெறாத பல்லின் சொந்தக்காரன்