தண்ணீர் குடித்த நுரை

பழைய ஃபைபர் படகின் தளத்துக்கு அடியில் பாலியூரித்தேன் நுரை அடைக்கப்பட்டிருப்பது, படகில் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காமல் இருக்க. நுரைக்குள் நீர் இறங்காது என்பது படகு விற்கும் நாளில் சொல்லப்படுவது. அலை அடித்து நுரையறைகள் உடைய உடைய, திருகாணித் துளைகள் வழியே கொச்சியின் மட்டாஞ்சேரிக் காயல் உள்ளே குடியேறுகிறது. ஒரு கன மீட்டர் புது நுரை 30, 40 கிலோ. அதில் பாதியளவு நீர் புகுந்தால் அரை டன் கூடும். படகு தாழும், உரிமையாளர் பெரிய எஞ்சின் வாங்குவார்.

அடுத்த வைத்தியம், தளத்தில் துளையிட்டு வெயிலில் காயவைப்பது. அந்த வெயிலில் மட்டாஞ்சேரிக் கிடங்கு முற்றத்து இஞ்சி சுக்காகும், நுரை ஆகாது. படகு கரையேறி ஓய்வெடுப்பதோ ஜூன், ஜூலையில், அதாவது தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது. ஈரக் காற்றில், துளையை அடைக்கும் ரெசினும் சரியாக ஒட்டாது.

தளத்தை அறுத்து, நுரையைத் தோண்டி, ஊறிய மரச்சட்டங்களை மாற்றி, அடியில் நீர் வடிய வழிவிட்டுப் புது நுரை அடைப்பதே பழுதுபார்ப்பு. தோண்டிய நுரையை எரித்தால் நச்சுப்புகை. காயலில் எறிந்தால் மிதந்து காட்டிக்கொடுக்கும். ஆகவே அது சாக்கில் கட்டப்பட்டு, சொட்டச் சொட்ட, உலர் குப்பைக்குப் போகிறது.